சிறுமூளை: கை கால் பலமாக இருந்தும் நடை தடுமாறுவது ஏன்?

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘சிறுமூளையில் பாதிப்பு’ என்று ஒரு வரி. ஆனால் நோயாளியின் கை காலில் வலு குறையவில்லை. மருத்துவரின் விரலை இறுகப் பிடிக்கச் சொன்னால் நன்றாகவே பிடிக்கிறார். தொட்டால் தெரிகிறது. எழுந்து நடக்கச் சொன்னால்தான் சிக்கல்: கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுகிறார். டம்ளரை எடுக்கப் போன கை அதைத் தாண்டிப் போய்த் தட்டிவிடுகிறது. பேச்சு குழறுகிறது. பக்கவாதம் என்றால் ஒரு பக்கம் விழுந்துவிடும் என்று அறிந்து வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு இது குழப்பமாக இருக்கிறது. பலம் இருக்கிறதே, அப்புறம் ஏன் நடக்க முடியவில்லை என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

‘சிறுமூளை உடலின் சமநிலையைக் காக்கிறது’ என்று பள்ளியில் படித்த வரி இதற்குப் பாதிப் பதில்தான். அந்த வரியில் தவறு இல்லை, ஆனால் அது சிறுமூளையின் வேலையை மிகவும் சுருக்கிவிடுகிறது. அமைப்பிலிருந்து தொடங்கினால் வேலை புரியும். வேலை புரிந்தால் நோய்க்குறிகள் ஏன் இப்படி வருகின்றன என்பதும், சிறுமூளைப் பக்கவாதம் ஏன் அடிக்கடி கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது என்பதும் விளங்கும்.

எங்கே இருக்கிறது?

பிடரிக்குச் சற்று மேலே, மண்டையோட்டின் பின்பக்க அடித்தளத்தில் ஒரு குழி இருக்கிறது. சிறுமூளை அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. மேலே பெருமூளையின் பின்பகுதி. இரண்டுக்கும் நடுவே கூடாரத் துணிபோல விரிந்த உறுதியான ஒரு சவ்வு உண்டு. டென்டோரியம் என்று பெயர். முன்னால் மூளைத்தண்டின் பான்ஸ், முகுளம் ஆகிய பகுதிகள். மூச்சு, இதயத் துடிப்பு, விழிப்பு நிலை ஆகியவற்றை ஆளும் மையங்கள் அங்கேதான் இருக்கின்றன. சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையில் நான்காவது மூளையறை என்ற சிறு இடைவெளி. மூளைக்குள் ஊறும் தண்டுவட நீர் வெளியே வருவதற்கு அதுதான் வழி.

மேலே கடினமான சவ்வு, சுற்றிலும் எலும்பு, முன்னால் உயிர்நாடியான மூளைத்தண்டு, நடுவே நீர் வடியும் குறுகிய பாதை. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பக்கவாதத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இட நெருக்கடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

உருவம்

பெரியவர்களின் சிறுமூளை ஏறக்குறைய 150 கிராம் எடை, அதாவது மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மூளையில் உள்ள நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு இதற்குள்தான் இருக்கின்றன. 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்ன கணக்கின்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில். ‘சிறு’ என்ற பெயர் எடைக்குத்தான் பொருந்துகிறது.

இத்தனை அணுக்களும் அடங்குவது மடிப்புகளால்தான். மேற்பரப்பு முழுவதும் மெல்லிய இலைகளை அடுக்கினாற்போல நெருக்கமான வரிகள். சிறுமூளையை நெடுக வெட்டிப் பார்த்தால் உள்ளே வெண்ணிறப் பொருள் கிளை கிளையாகப் பிரிந்து ஒரு மரம்போலத் தெரியும். பழைய உடற்கூறு அறிஞர்கள் அதற்கு ‘உயிர் மரம்’ என்றே பெயர் வைத்தார்கள். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த மடிப்புகளைக் கணினியில் முழுக்க விரித்துப் பார்த்தது. சிறுமூளைப் புறணியின், அதாவது அதன் மேலடுக்கின், பரப்பு பெருமூளைப் புறணியின் பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் இருந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு முகடு. புழுபோல இருப்பதால் வெர்மிஸ். அதன் இரு பக்கமும் இரண்டு அரைக்கோளங்கள். கீழே, முன்பக்கம் ஒட்டினாற்போலச் சின்னதாக ஒரு மடல், ஃப்ளோக்குலோநோடுலர் மடல். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணையும் சமநிலையையும் சேர்த்துக் கட்டும் மடல் என்று நினைவு வைத்தால் போதும்.

சிறுமூளைக்கு வருவதும் போவதும் மூன்று சோடித் தண்டுகள் வழியாக மட்டுமே நடக்கிறது.

1. நடுத்தண்டு: மூன்றிலும் தடித்தது. பெருமூளையில் உருவாகும் அசைவுத் திட்டத்தின் நகல் பான்ஸ் வழியாக இதில் வந்து சேர்கிறது.
2. கீழ்த்தண்டு: தசை, மூட்டு ஆகியவற்றின் நிலையைத் தண்டுவடத்திலிருந்தும், தலையின் அசைவை உட்காதிலிருந்தும் கொண்டுவருகிறது.
3. மேல்தண்டு: பெரும்பாலும் வெளியே போகும் பாதை. நடுமூளை, தலாமஸ் (பெருமூளைக்குப் போகும் செய்திகளின் சந்திப்பு) வழியாகப் பெருமூளைக்குப் பதில் போகிறது.

உள்ளே வரும் நார்கள் வெளியே போகும் நார்களைவிட ஏறத்தாழ 40 மடங்கு அதிகம். எவ்வளவோ கேட்டுக்கொண்டு, மிகக் குறைவாகவே பேசும் உறுப்பு இது. இந்த விகிதமே அதன் வேலையைப் பற்றி நிறையச் சொல்கிறது.

ஒரே சுற்று, கோடிக்கணக்கான பிரதிகள்

பெருமூளைப் புறணியில் இடத்துக்கு இடம் அணுக்களின் அடுக்கு மாறும். சிறுமூளைப் புறணியில் எங்கே வெட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அமைப்பு: மூன்று அடுக்குகள், எண்ணி வைக்கக்கூடிய சில வகை அணுக்கள். கண்ணசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதியும் விரலசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதியும் உள்ளே ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆக, செய்யும் கணக்கு ஒன்றுதான், அது யாருக்காக என்பது வரும் நாரையும் போகும் நாரையும் பொறுத்தது என்று கருத இடமிருக்கிறது.

இந்தச் சுற்றின் நாயகன் பர்கின்ஜி அணு. செக் நாட்டு அறிஞர் யான் பர்கின்ஜி 1837-இல் விவரித்தது. உருண்டையான உடல், அதிலிருந்து மேல்நோக்கிக் கிளைக்கும் ஏராளமான சிறு கிளைகள். விந்தை என்னவென்றால், இத்தனை கிளைகளும் ஒரே தளத்தில், தட்டையாக, சுவரில் ஒட்டிவைத்த கொடிபோல விரிந்திருக்கும். 1888-இல் ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ காஹால் பறவைகளின் சிறுமூளையில் வெள்ளி உப்புச் சாயம் ஏற்றிப் பார்த்துத்தான், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலை அல்ல, தனித்தனி அணுக்கள் என்ற முடிவுக்கு வலுவான சான்று கொடுத்தார். நவீன நரம்பியலே ஒருவகையில் சிறுமூளையிலிருந்துதான் புறப்பட்டது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

சுற்று இப்படி ஓடுகிறது:

1. வெளியிலிருந்து வரும் பெரும்பாலான நார்கள் ‘பாசி நார்கள்’. நுனியில் பாசி படர்ந்ததுபோலத் தெரிவதால் அந்தப் பெயர். இவை அடியடுக்கிலுள்ள குறுணை அணுக்களைத் தூண்டுகின்றன. அந்த 6,900 கோடியில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சின்னஞ்சிறு குறுணை அணுக்களே.
2. ஒவ்வொரு குறுணை அணுவும் ஒரு மெல்லிய நாரை மேலே அனுப்புகிறது. அது ‘ட’ கரத்தைத் தலைகீழாக்கி இரு பக்கமும் நீட்டியதுபோலப் பிரிந்து, மேற்பரப்புக்கு இணையாக ஓடுகிறது. இவை ‘இணை நார்கள்’.
3. தட்டையாக விரிந்த பர்கின்ஜி கிளைகளை இணை நார்கள் குறுக்காகத் துளைத்துப் போகின்றன, மின்கம்பங்களின் வழியே கம்பிகள் போவதுபோல. ஒரு பர்கின்ஜி அணுவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணை நார் இணைப்புகள் உண்டு.
4. இதற்கு நேர் எதிராக, முகுளத்திலுள்ள ஆலிவ் என்ற நரம்புத் திரளிலிருந்து வரும் ‘ஏறு நார்’, பொதுவாக ஒரு பர்கின்ஜி அணுவுக்கு ஒன்றே ஒன்று. அது கிளைகளைச் சுற்றிக் கொடிபோல ஏறி, நூற்றுக்கணக்கான இடங்களில் தொடுகிறது. ஏறு நார் ஒரு முறை துடித்தால் பர்கின்ஜி அணு பதில் சொல்லியே தீரும்.
5. பர்கின்ஜி அணுவின் பதில் எப்போதும் தடுப்புதான். சிறுமூளையின் ஆழத்தில் நான்கு சோடி நரம்புத் திரள்கள் இருக்கின்றன; அவற்றில் பெரியது, ஓரம் பல் பல்லாக இருக்கும் டென்டேட். இந்தத் திரள்கள் தாமாகவே துடித்துக்கொண்டிருக்கும். பர்கின்ஜி அணுக்கள் அவற்றை அமுக்கியும் விட்டும் துடிப்பைச் செதுக்குகின்றன. வெளியே போவது அப்படிச் செதுக்கப்பட்ட துடிப்பு.

ஐந்தாவது படியைத்தான் பலர் கவனிப்பதில்லை. சிறுமூளைப் புறணி வெளியுலகுக்கு நேரடியாக ‘செய்’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. அதன் ஒரே மொழி ‘பொறு’, ‘குறை’, ‘இந்த நொடியில் விடு’ என்பதுதான். அசைவைத் தொடங்கும் ஆணை வேறு இடத்தில் பிறக்கிறது. அதனால்தான் சிறுமூளை கெட்டாலும் பலம் போவதில்லை.

இது 200 ஆண்டுகளுக்கு முன்பே தென்பட்ட உண்மை. பிரான்ஸின் பியர் ஃப்ளூரான்ஸ் 1824-இல் வெளியிட்ட ஆய்வில் புறாக்களின் சிறுமூளையைச் சிறிது சிறிதாக அகற்றிப் பார்த்தார். புறாவுக்கு முடக்கம் வரவில்லை. நடக்கவும் பறக்கவும் முயன்றது; ஆனால் அசைவுகள் ஒன்றோடொன்று சேரவில்லை.

தாமதம் என்ற சிக்கல்

சரி, ஆணை வேறிடத்தில் பிறக்கிறது என்றால் சிறுமூளை எதற்கு? விடை நேரக் கணக்கில் இருக்கிறது.

கை ஒரு பொருளை நோக்கிப் போகிறது. தவறான திசையில் போனால் கண் பார்த்துத் திருத்தலாம் என்று தோன்றும். ஆனால் கண் பார்த்ததைப் பயன்படுத்திக் கையைத் திருத்த ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆகிவிடும். அதற்குள் கை வேறெங்கோ போயிருக்கும். பழைய செய்தியை வைத்துத் திருத்தினால் திருத்தமே பிழையாகும். அந்தப் பிழையைத் திருத்தினால் மறுபக்கம் பிழை. கை இலக்கை நெருங்க நெருங்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். சிறுமூளை பாதிக்கப்பட்டவரின் கையில் மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான்.

கண்ணின் அசைவு இன்னும் கடினமான கணக்கு. படிக்கும்போது கண் ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவ ஒரு நொடியில் நூறில் சில பங்குகளே ஆகும். நடுவழியில் பார்த்துத் திருத்த நேரமே கிடையாது. தாவும் முன்பே அளவு சரியாக இருந்தாக வேண்டும்.

ஆகவே மூளைக்கு முன்கணிப்பு தேவைப்படுகிறது. பெருமூளை ஆணை அனுப்பும்போதே அதன் நகல் சிறுமூளைக்கும் வருகிறது. ‘இந்த ஆணை போனால் கை இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கும்’ என்று சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. உடம்பிலிருந்து உண்மையான செய்தியும் வந்து சேர்கிறது. தண்டுவடத்திலிருந்து சிறுமூளைக்கு வரும் நார்கள் உடலிலேயே மிக வேகமானவற்றில் அடங்கும். நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல். கணிப்பும் உண்மையும் பிசகினால் திருத்தம் போகிறது. அதைவிட முக்கியமாக, அடுத்த முறைக்கான கணிப்பே மாறுகிறது.

உங்களை நீங்களே கூச்சம் காட்டிக்கொள்ள முடியாததும் இதோடு சேர்ந்த செய்திதான். சொந்தக் கை தரும் தொடுதலை மூளை முன்பே கணித்துவிடுவதால் அதன் கூர்மை குறைகிறது. 1998-இல் லண்டனில் மூளைப் படப்பிடிப்பு மூலம் செய்த ஆய்வு, இந்தக் கணிப்பில் சிறுமூளைக்குப் பங்கிருப்பதைக் காட்டியது.

சிறுமூளை எப்படிக் கற்கிறது?

கணிப்பு பிறவியிலேயே முழுதாக வருவதல்ல. கை நீளமாகிறது, உடல் எடை கூடுகிறது, தசை களைக்கிறது. பழைய அளவுகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போதே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. தொலைபேசித் திரையைக் கண்ணெதிரே வைத்து வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள், எழுத்து கலங்கிவிடும். இப்போது திரையை அசைக்காமல் அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். எழுத்து தெளிவாகவே நிற்கும். தலை அசைந்தவுடன் உட்காது செய்தி அனுப்ப, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்திலேயே கண்கள் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவைச் சரியாக வைத்திருப்பது அந்தச் சின்ன ஃப்ளோக்குலோநோடுலர் மடல். புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் தரை நகர்வதுபோலத் தோன்றுவது ஏன் என்பதும் இதில் விளங்கிவிடும். கண்ணாடி உருவத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ விடுவதால் பழைய அளவு பொருந்துவதில்லை. சில நாட்களில் சிறுமூளை அளவை மாற்றிவிடுகிறது, தரை நின்றுவிடுகிறது.

1990-களில் நடந்த இன்னொரு சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. காட்சியை ஒரு பக்கம் நகர்த்தும் பட்டகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலக்கை நோக்கி எறியச் சொன்னார்கள். முதல் சில எறிதல்கள் ஒரு பக்கம் விலகின. எறிந்து எறிந்து பழகியபின் இலக்கில் விழுந்தன. கண்ணாடியைக் கழற்றியதும் எறிதல் மறுபக்கம் விலகியது. கற்றதை மூளை உண்மையாகவே பதித்துவிட்டது என்பதற்கு அந்த எதிர்விலகல்தான் சாட்சி. சிறுமூளை பாதிக்கப்பட்ட பலருக்குப் பழக்கமும் ஏறவில்லை, கழற்றிய பின் எதிர்விலகலும் வரவில்லை.

அணு அளவில் இது நடப்பது எப்படி? டேவிட் மார் 1969-இலும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971-இலும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: இணை நார்கள் சூழலைச் சொல்கின்றன, ஏறு நார் பாடம் நடத்துகிறது. இருவருக்கும் ஒரே ஒரு வேறுபாடு. ஏறு நார் துடித்தால் இணை நாரின் இணைப்பு வலுக்கும் என்றார் மார். வலு குறையும் என்றார் ஆல்பஸ். 1982-இல் ஜப்பானின் மசாவோ இட்டோ குழு ஆய்வகத்தில் கண்டது வலுக் குறைவைத்தான். நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை மட்டுமே துடிக்கும் ஏறு நார், ‘இப்போது பிழை நடந்தது’ என்று சுட்டிக்காட்டும்போது, அந்தத் தருணத்தில் செயலில் இருந்த இணைப்புகள் தளர்கின்றன. கற்றல் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆழத்துத் திரள்களிலும் மற்ற அணுக்களிலும் மாற்றம் நிகழ்கிறது. ஆனாலும் பிழையிலிருந்து கற்கும் உறுப்பு என்ற அடிப்படை அசையாமல் நிற்கிறது.

எந்தப் பகுதி, என்ன குறி?

ஒரே சுற்றாக இருந்தாலும் இணைப்பு வேறு வேறு என்று பார்த்தோம். அதனால் பாதிப்பு எங்கே என்பதைப் பொறுத்துக் குறிகளும் மாறும்.

1. ஃப்ளோக்குலோநோடுலர் மடல்: தலைசுற்றல், கண்கள் தாமாக ஆடுதல், நிற்கும்போது நிலைகுலைதல்.
2. வெர்மிஸும் அதை ஒட்டிய நடுப்பட்டையும்: உடலின் நடுப்பகுதி தள்ளாடும். படுத்துக்கொண்டு காலை அசைக்கச் சொன்னால் ஓரளவு சரியாகச் செய்பவர், எழுந்தால் நிற்க முடியாது. நீண்டகாலக் குடிப்பழக்கம் குறிப்பாக வெர்மிஸின் மேல் முன்பகுதியைத் தேய்த்துவிடுவதால் நடைதான் முதலில் கெடும்.
3. பக்கவாட்டு அரைக்கோளங்கள்: கை, விரல், பேச்சு ஆகிய நுண்ணிய அசைவுகள். இலக்கைத் தாண்டுதல், நெருங்கும்போது நடுக்கம், உள்ளங்கையை மாற்றி மாற்றித் திருப்ப முடியாமை, சொற்களைத் துண்டு துண்டாகப் பேசுதல்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெருமூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. சிறுமூளையில் அப்படி இல்லை. இடப்பக்கச் சிறுமூளை கெட்டால் இடக்கைதான் தடுமாறும். சிறுமூளையிலிருந்து போகும் பாதை ஒருமுறை எதிர்ப்பக்கம் கடந்து பெருமூளைக்குப் போகிறது. பெருமூளையின் ஆணை மறுபடி ஒருமுறை கடந்து உடலுக்கு வருகிறது. இருமுறை கடந்தால் புறப்பட்ட பக்கத்துக்கே வந்து சேர்வோம்.

பார்கின்சன் நோயின் நடுக்கத்தோடும் இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பார்கின்சனில் கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும். ஒரு பொருளை எடுக்கப் போனால் பெரும்பாலும் குறையும். சிறுமூளை நடுக்கம் இதற்கு நேர் மாறு. கை சும்மா இருந்தால் அமைதி, இலக்கை நெருங்கினால் ஆட்டம்.

இந்தக் குறிகளை ஒழுங்காகப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ். முதல் உலகப் போரில் பின்தலையில் குண்டுக் காயம்பட்ட வீரர்களைப் பிரான்ஸில் அவர் நேரில் ஆராய்ந்தார். ஒரு பக்கச் சிறுமூளை மட்டும் காயப்பட்டவர்களிடம் நல்ல கையையும் கெட்ட கையையும் ஒரே ஆளிடம் ஒப்பிட முடிந்தது. அவருடைய நோயாளி ஒருவர், ஒரு கை தானாக வேலை செய்கிறது, மற்றக் கையில் ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று சொன்னதை ஹோம்ஸ் எழுதி வைத்திருக்கிறார். சிறுமூளையின் வேலையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். யோசிக்காமல் நடப்பதற்கு நமக்குத் துணை நின்றது எது என்பது, அது போன பிறகுதான் தெரிகிறது.

அசைவுக்கு அப்பால்

மனிதர்களில் மிகப் பெரிதாக வளர்ந்திருப்பது சிறுமூளையின் பக்கவாட்டுப் பகுதி. அதன் பெரும்பங்கு, திட்டமிடல், மொழி, கவனம் ஆகியவற்றுக்கான பெருமூளைப் பகுதிகளோடுதான் பிணைந்திருக்கிறது. நீண்ட காலம் இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. 1998-இல் ஜெரமி ஷ்மாமன், ஜேனட் ஷெர்மன் இருவரும் சிறுமூளை மட்டும் பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்து, திட்டமிடுவதில் தடுமாற்றம், இடஉணர்வுப் பிழைகள், சொற்களைத் தேடித் திணறல், உணர்ச்சி மழுங்குதல் அல்லது கட்டுப்பாடின்றி வெளிப்படுதல் என்ற தொகுப்பை விவரித்தார்கள்.

குழந்தைகளில் இது இன்னும் உலுக்கும் வடிவில் வருகிறது. குழந்தைகளுக்கு வரும் புற்று வகை மூளைக்கட்டிகளில் அதிகம் காணப்படும் மெடுல்லோபிளாஸ்டோமா சிறுமூளையில்தான் உருவாகிறது. அதை அகற்றும் அறுவை நன்றாக முடிந்து, கண்விழித்துப் பேசிய குழந்தை, ஓரிரு நாளில் திடீரென்று பேச்சை முற்றிலும் நிறுத்திவிடுவதுண்டு. நால்வரில் ஒருவருக்கு இப்படி நேரலாம். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடித்துப் பிறகு பேச்சு திரும்பும், ஆனால் பலருக்குக் குழறல் எஞ்சும். பெற்றோருக்கு இதை அறுவைக்கு முன்பே விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த மௌனம் அவர்களை நொறுக்கிவிடும்.

‘சிந்தனையின் மையம் சிறுமூளை’ என்று இதை வைத்து எழுதுவது மிகை. சிந்தனை பெருமூளையின் வேலைதான். அசைவைச் செதுக்கும் அதே முறையில் சிறுமூளை எண்ண ஓட்டத்தையும் செதுக்குகிறது என்பது இன்று வலுவாக உள்ள கருத்து.

சிறுமூளைப் பக்கவாதம்: ஏன் தவறவிடப்படுகிறது?

மூன்று சோடி இரத்தக் குழாய்கள் சிறுமூளைக்கு இரத்தம் தருகின்றன. அவற்றில் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ திடீரென்று கடும் தலைசுற்றல், வாந்தி, பின்தலை வலி, நிற்க முடியாமை. இந்தப் பட்டியலைப் பாருங்கள்: வயிற்றுக் கோளாறு, பித்தம், காதுக் கோளாறு, ஒற்றைத் தலைவலி எதுவாகவும் தோன்றலாம். முகம் கோணவில்லை, கை விழவில்லை என்பதால் பக்கவாதம் என்ற எண்ணமே வருவதில்லை. தமிழில் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லால் நினைவு தப்புவதையும், தலைசுற்றுவதையும், கால் தள்ளாடுவதையும் சொல்லிவிடுகிறோம். மருத்துவரிடம் எது என்று பிரித்துச் சொல்வது இங்கே உயிரைக் காக்கும்.

ஸ்கேனும் சில நேரம் ஏமாற்றும். அந்தக் குழியைச் சுற்றியுள்ள தடித்த எலும்பால் சி.டி. ஸ்கேனில் படம் கலங்கும். இரத்தக் கசிவு அதில் தெரியும். ஆனால் அடைப்பால் வந்த பாதிப்பு முதல் சில மணி நேரத்தில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. மிகச் சிறந்தது, ஆனாலும் முதல் இரண்டு நாளில் சிறிய பாதிப்புகள் அதிலும் தப்பலாம். தொடர்ந்து தலைசுற்றல் இருக்கும்போது பயிற்சி பெற்ற மருத்துவர் கண்ணசைவுகளைச் சோதித்து, காதா மூளையா என்று நன்றாகவே பிரித்தறிய முடியும்.

அடைப்பு ஏற்பட்ட இடம் வீங்கத் தொடங்கும்போதுதான் முன்பு சொன்ன இட நெருக்கடி பேராபத்தாகிறது:

1. எலும்பும் சவ்வும் விரிந்துகொடுக்காததால் வீங்கிய திசு முன்னால் தள்ளுகிறது.
2. நான்காவது மூளையறை நசுங்கி, தண்டுவட நீர் வடிய வழியில்லாமல் மேலே தேங்குகிறது.
3. மூளைத்தண்டு நசுங்கி, விழிப்பும் மூச்சும் குலைகின்றன.

வீக்கம் பெரும்பாலும் மூன்றாம் நாளையொட்டி உச்சத்துக்குப் போகும். முதல் நாள் பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் அசந்து தூங்குவதுபோல ஆனால் அது ஓய்வென்று நினைத்து விட்டுவிடக் கூடாது. அந்த நேரத்தில் பின்மண்டை எலும்பின் ஒரு பகுதியை எடுத்து இடம் கொடுக்கும் அறுவை உயிரைக் காப்பாற்றுகிறது. உரிய நேரத்தில் செய்யப்பட்டவர்களில் பலர் நல்ல நிலைக்குத் திரும்புகிறார்கள்.

யார் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்? திடீரெனத் தொடங்கிய தலைசுற்றலோடு, பிடிப்பில்லாமல் நிற்கவோ நடக்கவோ முடியாமை, புதிய கடும் தலைவலி அல்லது கழுத்து வலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்திலோ உடலிலோ மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இளம் வயது என்பது விலக்கல்ல. கழுத்து திடீரெனத் திருகப்பட்டு அங்குள்ள தமனியின் உட்சுவர் கிழிந்து, இளைஞர்களுக்கும் இது வருகிறது.

மற்றக் காரணங்கள்

மது, வலிப்புக்குக் கொடுக்கப்படும் ஃபெனிட்டாயின் அளவு மிகுதல், மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் மருந்தின் நச்சு, தயமின் (வைட்டமின் பி1) பற்றாக்குறை, தைராய்டு குறைவு, நரம்பு உறைகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கட்டிகள் என்று பட்டியல் நீளும். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. அதனால் தள்ளாட்டம் வந்தவுடன் ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற முடிவுக்குப் போகக் கூடாது. கடும் வெப்பத்தாக்கு பர்கின்ஜி அணுக்களை நிரந்தரமாக அழித்துவிடலாம். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் அடையாளம் காணப்பட்ட பாதரச நச்சு தின்றது குறுணை அணுக்களை. குழந்தைகளுக்குச் சின்னம்மை வந்த பிறகு வரும் திடீர்த் தள்ளாட்டம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் கூடும் தள்ளாட்டம் குடும்பத்தில் பலருக்கு இருந்தால் மரபணுச் சோதனை பற்றிக் கேட்பது நல்லது.

மீட்சி

2014-இல் சீன மருத்துவர்கள் 24 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். தலைசுற்றலுக்காக வந்தவர், ஸ்கேனில் சிறுமூளை இருக்க வேண்டிய இடத்தில் நீர் மட்டுமே இருந்தது. பிறவியிலிருந்தே அவருக்குச் சிறுமூளை இல்லை. ஆறு வயதில்தான் புரியும்படி பேசினார், ஏழு வயதில்தான் தனியாக நடந்தார். நடையில் தள்ளாட்டம் இருந்தது, பேச்சு சற்றுக் குழறியது. ஆனாலும் மணமாகிக் குழந்தை பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார். வளரும் மூளை இழப்பை எவ்வளவு தூரம் ஈடுகட்டும் என்பதற்கு இது அரிய சான்று. வளர்ந்தவருக்குத் திடீரென்று வரும் பாதிப்பை இதோடு ஒப்பிட முடியாது.

பெரியவர்களுக்கு மீட்சி எவ்வளவு என்பது பெருமளவு இடத்தைப் பொறுத்தது. புறணி மட்டும் பாதிக்கப்பட்டு ஆழத்துத் திரள்கள் தப்பியிருந்தால் பக்கவாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் நன்றாக இருக்கும். டென்டேட்டும் அதன் பக்கத்துத் திரள்களும் போயிருந்தால் மீட்சி மெதுவாகவும் குறைவாகவும் இருக்கும், ஏனென்றால் வெளியே பேசும் வாய் அவைதான். உடற்பயிற்சியால் என்ன பயன், பழகும் உறுப்பே கெட்டுவிட்டதே என்று கேட்பார்கள். தேய்ந்துகொண்டே போகும் நோயுள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளிலேயே, பல வாரங்கள் தீவிரமாகச் செய்த சமநிலைப் பயிற்சி நடையை முன்னேற்றியது. ஆனால் வீட்டில் தொடர்ந்து செய்தால்தான் பலன் நின்றது. பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது தசை பலப்படுத்தும் பயிற்சியை மட்டும் அல்ல. நின்ற இடத்திலேயே உடலைச் சாய்த்து மீள்வது, படி ஏறி இறங்குவது, திரும்பும் முன் நின்று பார்த்துத் திரும்புவது என்று ஒருங்கிணைப்பைப் பழக்கும் பயிற்சிகளையும் கேளுங்கள். தொடக்கத்தில் பக்கத்தில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.